கிராக் மென்பொருளும் நண்டுக்காரர்களின் பாக்கிக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபம், பாம்பன் பகுதியில் மீனும் நண்டும் வாங்கி அனுப்பும் கம்பெனிகளில் கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான். பி.காம். முடித்த நாளிலிருந்து இதே வேலைதான். நான் வேலை பார்த்த இடங்களிலும், பில் வாங்கப் போய்ப் பழகிய கடைகளிலும் கம்ப்யூட்டரில் இருப்பது பெரும்பாலும் காசு கொடுத்து வாங்காத, உரிமப் பூட்டை உடைத்து ஓட வைக்கிற 'கிராக்' போட்ட மென்பொருள். இது முதலாளிக்கும் மென்பொருள் விற்கிறவனுக்கும் உள்ள விவகாரம், நமக்கென்ன என்று எல்லோரும் இருந்துவிடுகிறோம். ஆனால் கடைசியில் அடிபடுவது கம்ப்யூட்டர் முன்னால் ஒருநாளும் உட்காராத நண்டுக்காரர்களும், நண்டு உடைக்கும் பெண்களும்தான். கண்ணால் பார்த்ததால் எழுதுகிறேன்.

நண்டுத் தொழிலில் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாட்டுப்படகுக்காரர் வலை வாங்கவும் எஞ்சின் பழுது பார்க்கவும் கம்பெனியில் முன்பணம் வாங்குவார். பதிலுக்கு, பிடிக்கிற நண்டை அந்தக் கம்பெனிக்கே போட வேண்டும். போடுகிற நண்டின் விலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தம் செய்து பாக்கியைக் கழிப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் கடலில் நாட்டுப்படகுதான். சரக்கு குறைவு, விலை கூடுதல். நண்டுக்காரர் கொஞ்சம் மூச்சுவிட்டுப் பழைய பாக்கியை அடைப்பது அந்த வாரங்களில்தான். கொட்டகைக்குள்ளே, வேக வைத்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. ஜம்போ, பேக்ஃபின், கிளா என்று தரம் பிரித்து எடை போட்டு, யார் எவ்வளவு எடுத்தார் என்று அன்றன்றைக்கே ஏற்றிவிடுவோம். சனிக்கிழமை பட்டுவாடா. நான் முன்பு இருந்த கம்பெனியில் இந்த இரண்டு கணக்கும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன.

அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ், எக்செல், கணக்கு மென்பொருள் எல்லாமே கிராக். ராமநாதபுரத்திலிருந்து வந்த சர்வீஸ் தம்பி ஃபார்மட் அடித்து எல்லாவற்றையும் ஃபுல் பேக்கேஜாகப் போட்டுக் கொடுத்தார். வேலைக்கூலி மட்டும் வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லைசென்ஸ் விலையைச் சொன்னால் அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கிளம்பும்போது அவர் சொன்னது இது: "அக்கா, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணி வச்சிருக்கேன். ஆன் பண்ணிடாதீங்க, கிராக்கைத் தூக்கிடும். அப்டேட் கேட்டா வேணாம்னு குடுத்துருங்க."

ஆபத்து முழுக்க அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. மென்பொருளில் ஓட்டை தெரிந்தவுடன் அதை அடைக்கத்தான் அப்டேட் வருகிறது. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற பணயத் தீநிரல் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல்) உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சையே தடைபட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே மருந்து கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். கிராக் போட்ட இடத்தில் அந்த மருந்தை வேண்டாம் என்று சொல்வதே வழக்கம், ஏனென்றால் அப்டேட் ஆனால் கிராக் செத்துப்போகும் என்ற பயம். காவலுக்கு இருக்கும் ஆன்டிவைரஸையும் நம் கையாலேயே நிறுத்திவிட்டு, முகம் தெரியாத யாரோ செய்து வைத்த நிரலைக் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தோடு ஓட விடுகிறோம். கிராக் என்பது அதுதான்.

வாரம் ஒரு தடவை கணக்கை நகல் எடுத்து வைக்கத் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டிருந்தேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே போனது. ஆடிட்டருக்காக மார்ச் 31 அன்று பென்டிரைவில் எடுத்த நகல்தான் வெளியே இருந்த ஒரே நகல்.

தடைக்காலம் முடிந்த கொஞ்ச நாளில், பில் அடிக்கப் புது மென்பொருள் ஒன்று வேண்டும் என்று முதலாளியின் மைத்துனர் இணையத்தில் தேடி அதற்கும் ஒரு கிராக்கை இறக்கினார். மறுநாள் காலையில் நான் வந்து கூலிக் கணக்கைத் திறந்தேன். திறக்கவில்லை. பச்சை நிற எக்செல் அடையாளம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தாள் படம். கோப்பின் பெயர் அப்படியே இருக்கிறது, அதன் வாலில் அர்த்தமில்லாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த கோப்பு, அதற்கடுத்தது, முன்பணக் கணக்கு, வங்கிச் சீட்டு ஸ்கேன், படகு எண் பட்டியல், முதலாளி மகளின் கல்யாண போட்டோ வரை எல்லாவற்றுக்கும் அதே நாலு எழுத்து. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு சின்னக் கோப்பு. அதற்குள்ளே: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டாலர்.

பிறகு தெரிந்துகொண்டேன், இது 'ஸ்டாப்' என்று பெயர் பெற்ற பணயத் தீநிரல் குடும்பம். 'டிஜேவியு' என்றும் சொல்கிறார்கள். பெரிய வங்கிகளையோ மருத்துவமனைகளையோ தேடிப் போவதல்ல இது. கிராக்கும் கீஜென்னும் (போலி உரிம எண் தயாரிக்கும் நிரல்) தேடி இறக்குகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே அந்தக் கிராக்குகளுக்குள் வைத்துப் பரப்புகிறார்கள். கடவுச்சொற்களைத் திருடும் வேறு நிரலையும் சில சமயம் கூடவே இறக்கிவிடும். கம்பெனியின் நெட்பேங்கிங், ஜிஎஸ்டி கடவுச்சொல் எல்லாவற்றையும் அன்றைக்கே வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றச் சொன்னேன். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் இதன் பல வகைகளைத் திறக்க இலவசக் கருவி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனிச் சாவி போட்டுப் பூட்டிய புதிய வகைகளை அது திறப்பதில்லை. எங்களுடையது திறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையை என்னால் மறக்க முடியாது. கொட்டகைப் பெண்கள் கூலிக்கு வந்து நிற்கிறார்கள். எடை போட்டதும் அவர்கள் கையில் ஒரு சீட்டுக் கொடுக்கும் வழக்கம் அந்தக் கம்பெனியில் கிடையாது. கம்ப்யூட்டரில் இருக்கிறதே, எதற்குத் தாள் என்று விட்டிருந்தார்கள். "யார் யார் எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் மேஸ்திரி. ஓர் அக்கா மட்டும் மகளின் பள்ளிக்கூட நோட்டில், கடைசிப் பக்கத்தில், ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அவருக்குச் சரியான கூலி கிடைத்தது. மற்றவர்களுக்கு வாரத்துச் சரக்கின் மொத்த எடையை ஆளுக்கு வகுத்துச் சராசரியாகக் கொடுத்தார்கள். கை வேகம் உள்ளவர்கள், காலை ஐந்து மணிக்கே வந்து உட்கார்ந்தவர்கள் நஷ்டப்பட்டார்கள். மெதுவாக உடைக்கும் வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. அவர்களும் அதைச் சந்தோஷமாக வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவளின் காசு என்று அவர்களுக்குத் தெரியும்.

நண்டுக்காரர்கள் கதை அதைவிட மோசம். கையில் இருந்தது மார்ச் 31 நகல். அதில் உள்ள பாக்கிதான் பாக்கி என்று கம்பெனி சொல்லிவிட்டது. தடைக்கால வாரங்களில், நல்ல விலை கிடைத்தபோது, அவர்கள் நண்டாகப் போட்டுக் கழித்த பணம் எந்தக் கணக்கிலும் இல்லை. முழுசாக அடைத்து முடித்தவர்கள்கூட மறுபடியும் கடன்காரர்கள் ஆனார்கள். புதுமடத்துப் பெரியவர் ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று கேட்டார்: "ஏம்மா, நான் கட்டுன காசு அந்த மெஷினுக்குள்ளதானே இருந்துச்சு? மெஷின் கெட்டுப்போனா என் காசு எப்படிம்மா கெட்டுப்போகும்?"

எடை போடும் இடத்தில் கம்பெனி கொடுத்த துண்டுச் சீட்டுகளை அவர் பாலித்தீன் பையில் சுருட்டிக் கூரையில் செருகி வைத்திருந்தார். நண்டுத் தண்ணீர் பட்டுப் பாதிச் சீட்டுகளில் மை ஊறிப்போயிருந்தது. படிக்க முடிந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக விரித்து, தேதி போட்டு, கூட்டி, முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவையும் கழித்துக்கொண்டார்கள். ஊறிப்போன சீட்டுகளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. வேதாளை, மரைக்காயர்பட்டினத்துக்காரர்கள் பலர் சீட்டை அன்றைக்கே கசக்கிப் போட்டவர்கள். கம்பெனி சொன்ன தொகையை ஒப்புக்கொண்டு திரும்ப நண்டு போட ஆரம்பித்தார்கள். வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால் பாக்கியை வைத்துவிட்டுப் போ என்பார்கள்.

போலீசுக்குப் போகலாம், சைபர் குற்றத்துக்கு 1930 என்ற எண் இருக்கிறது என்று சொன்னேன். "நாமளே போய், கிராக் போட்டு வச்சிருந்தோம் சார்னு சொல்றதா?" என்று முதலாளி கேட்டார். திருட்டு மென்பொருள் வைத்திருப்பவனுக்குத் தன் வீட்டில் திருட்டு நடந்தாலும் வாய் திறந்து புகார் கொடுக்கத் தைரியம் வராது. இதுபோன்ற தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்' 2022 ஏப்ரலில் உத்தரவே போட்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதைக் கேள்விப்பட்ட முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

புகார் போகவில்லை. பழி மட்டும் என் பக்கம் வந்தது. "கம்ப்யூட்டர்ல உக்காந்து வேலை பார்க்குறது நீதானே" என்றார்கள். இந்த இடத்தில் என்னைப் போலக் கணக்கு எழுதும் தம்பி தங்கைகள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. உரிமம் இல்லாத நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் எவருக்கும் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அதோடு 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்காக அல்லாமல் சொந்தத்துக்குப் பயன்படுத்தியிருந்தால், தக்க காரணம் காட்டி நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கம்பெனி செய்தால் அதை நடத்தும் பொறுப்பில் இருப்பவரும் குற்றவாளி என்று 69ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் 63பி-யில் இருப்பது 'எவரும்' என்ற சொல். மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவள் அதில் வர மாட்டாள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. "இது ஒரிஜினல் இல்லை, எனக்குத் தெரியும், வேறு ஏற்பாடு செய்து கொடுங்கள்" என்று எழுத்தில் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது வேலைக்குச் சேரும் இடத்தில் இதைத்தான் முதலில் கேட்கிறேன். ஓரிடத்தில் இதனாலேயே வேலை கிடைக்கவில்லை. அதற்காக வருத்தப்படவில்லை.

சின்னக் கம்பெனியால் இவ்வளவு காசு எப்படிப் போட முடியும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கரையில் அடுத்தவன் வலையை எடுத்துப்போய் மீன் பிடித்தவனை, அவன் ஏழை என்பதற்காக ஊர்க்கூட்டம் சும்மா விட்டதில்லை. அதோடு, எல்லாவற்றையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. இப்போது நான் இருப்பது பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனி. கணக்கு மென்பொருளுக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கியிருக்கிறோம், ஆடிட்டர் அதில்தான் கேட்கிறார் என்பதால். மற்றதெல்லாம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ், எக்செலுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ். இரண்டுக்கும் ஒரு ரூபாய் கிடையாது, சட்டப்படியே இலவசம். எத்தனை கம்ப்யூட்டரிலும் போடலாம், அடுத்தவருக்கு நகல் எடுத்தும் கொடுக்கலாம். கஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பழைய எக்செல் கோப்பில் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) போட்டிருந்தால் சரியாக ஓடாமல் போகலாம். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதையெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றக் கொஞ்சம் நாள் பிடித்தது. எடைக்கணக்கு, கூலிக்கணக்கு, முன்பணக் கணக்கு மூன்றும் இன்றைக்குச் சுத்தமாக ஓடுகின்றன. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டும் முடிந்துவிட்டது. புது விண்டோஸ் ஏறாத பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கிராக் தேடுவதற்கு முன்னால் ஒரு தடவை லினக்ஸ் போட்டுப் பாருங்கள். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கிற வியாபாரிகளுக்கு இலவசக் கணக்கு மென்பொருள் தருவதாக ஜிஎஸ்டி வலையமைப்பு 2019-இலேயே அறிவித்தது. எங்கள் கடைத்தெருவில் அதை விசாரித்தவர்களே குறைவு.

நமக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' அதில் இருந்தது. பிள்ளைகளில் பலர் அதை அழித்துவிட்டுக் கிராக் விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் சென்டர்களில் கிராக்கில்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், வேலைக்கு வருகிறவர்கள் கிராக்கோடு வருகிறார்கள். ராமநாதபுரம், கீழக்கரை சென்டர்காரர்கள் ஒரு வகுப்பையாவது லிப்ரே ஆபீஸில் நடத்தினால் பத்துக் கம்பெனிகள் மாறும். ஸ்டுடியோ, ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களின் கஷ்டம் வேறு மாதிரி. அவர்கள் கேட்கிற வேலை எல்லாம் கிம்ப், இங்க்ஸ்கேப் போன்ற இலவசப் பட மென்பொருளில் வந்துவிடாது என்று சொல்கிறார்கள், அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துருவுக்காவது திருட்டு நகல் தேவையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகமே யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாகக் கொடுக்கிறது.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகும் கடல் சரக்குக்கு 2010 ஜனவரி முதல் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். எந்தப் படகில் பிடித்தது என்று கேட்டால் காட்ட வேண்டும். பூட்டிப்போன கம்ப்யூட்டரை வைத்து யாருக்கு என்ன காட்டுவீர்கள்?

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். நண்டு உடைக்கும் பெண்களும் நாட்டுப்படகுக்காரர்களும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான். முன்பணம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் கம்பெனி முத்திரையோடு ஒரு பாஸ்புத்தகம் தர வேண்டும், நண்டு போடும் நாளிலேயே அதில் வரவு எழுத வேண்டும். கொட்டகைப் பெண்களுக்கு எடை போட்டவுடன் கார்பன் நகல் சீட்டுத் தர வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குத் தொலைந்தால் பாஸ்புத்தகமும் சீட்டும்தான் கணக்கு என்று மீன்வளத் துறை கம்பெனிகளிடம் எழுதி வாங்க வேண்டும். கடனும் மானியமும் கொடுக்கும்போது மென்பொருள் உரிமச் சீட்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும், இலவச மென்பொருள் என்றால் அதை எழுதித் தந்தால் போதும்.

கூட்டத்துக்குத் தங்கள் நிருபர் வந்தால் புதுமடத்துக்காரர்களும் வேதாளைக்காரர்களும் தங்கள் பாக்கிக் கணக்கை அவரிடமே சொல்லத் தயாராக இருக்கிறார்கள். நான் இன்னும் இதே தொழிலில் இருப்பதால் என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கம்பெனிக் கணக்கர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.